என்னுதுதான், எழுதிக்குங்க

நாய் வளர்ப்பவர் அதற்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டாக வேண்டும். யாரும் வளர்க்காத நாய்க்கு அந்தப் பொறுப்பு உள்ளாட்சி அமைப்பைச் சேரும். விதி இவ்வளவுதான். வருவாய்த் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், நன்றாக எழுதப்பட்ட விதி. உலகத்து நாய்கள் மொத்தம் இரண்டே வகை, நடுவில் எதுவும் நழுவ முடியாது என்று நம்பி எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் செஞ்சியில் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை.

எங்கள் தெரு நாய்கள் மூன்றாவது வகை. காலையில் ஒரு வீட்டில் இட்லி தின்னும். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் வைத்த பெயருக்கு வாலாட்டும். பகலில் எந்த வாசலில் நிழலோ அங்கே படுக்கும். சாயங்காலம் கோட்டை பார்க்க வந்தவர்களின் பிஸ்கட்டுக்காக அந்தப் பக்கம் ஒரு நடை போய்வரும். இருட்டியதும் அரிசி மண்டிக்காரர் கேட்டைச் சம்பளமில்லாமல் காவல் காக்கும். யார் நாய் என்று கேட்டால் மட்டும் தெரு மொத்தமும் ஒற்றுமையாகிவிடும். "தெரு நாய்ங்க அது."

இந்தக் கேள்விக்கு வேறு பதில் சொன்ன ஒரே ஆள், என் வீட்டுக்கு எதிரே பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்துக்கொண்டிருந்த அம்மாள். தெருவுக்கு அவர் டெய்லரக்கா. என்னைவிட இளையவர்தான், ஆனாலும் நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகினேன். அவர் என்னை ஆபீசர் என்பார். நான் ஆபீசராக இருந்ததில்லை, கண்காணிப்பாளர் பதவி அதற்கு எத்தனை படி கீழே என்று ஒருமுறை விளக்கிச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "ஆபீசுக்குப் போனீங்கள்ல? அப்புறம் இன்னா?" என்றார்.

கழுத்தில் இஞ்ச் டேப் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. கல்யாண வீட்டுக்கும் அதோடுதான் வருவார். நாள் முழுக்க மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால், மெஷின் ஓடாத இடத்திலும் அதே சத்தத்தில்தான் பேசுவார். ரகசியம் என்று அவரிடம் எதையும் சொல்ல முடியாது. திருப்பிச் சொல்லிவிடுவார் என்பதல்ல, "அப்படியா!" என்று அவர் கேட்பதே தெருக்கோடி வரை போய்விடும்.

நான் அவரை முதலில் சரியாகக் கவனித்தது கால்நடை மருத்துவமனையில். ஜூலை ஆறாம் தேதி, விலங்குகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்களுக்கான நாள் என்று நாய்களுக்கும் பூனைகளுக்கும் வெறிநோய் ஊசி இலவசமாகப் போடுவார்கள். என் மனைவி வளர்த்த பூனையை ஒரு காய்கறிக் கூடையில் போட்டு மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். முறைப்படி வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் டெய்லரக்கா நின்றார். அவர் கையில் யூனிபார்ம் துணியைக் கிழித்து முறுக்கிய கயிறுகள். கயிறுகளின் முனையில் எங்கள் தெரு நாய்கள் அத்தனையும்.

பெயர் எழுதிக்கொண்டிருந்த உதவியாளர் தலையைத் தூக்கினார்.

"இத்தனையும் யார்தும்மா?"

"என்னுதுதான். எழுதிக்குங்க."

"எல்லாமா?"

"எல்லாம் ஒரே வீடு."

அந்த நேரம் பார்த்து ஒரே வீட்டு நாய்கள் இரண்டு ஒன்றையொன்று கடிக்கப் பாய்ந்தன. அக்கா அசரவில்லை. "அண்ணன் தம்பின்னா சண்டை இல்லாமலா இருக்கும்?" என்றார். கால்நடை டாக்டர், சின்ன வயதுப் பெண், சிரிப்பை அடக்க முகக்கவசத்தை மேலே இழுத்துக்கொண்டார். ஊசிகள் போடப்பட்டன.

பிறகு என் முறை. கூடையைத் திறந்ததும் பூனை என் முழங்கையில் ஏறித் தோளுக்குப் போய் அங்கிருந்து மருந்து அலமாரிக்குத் தாவியது. டெய்லரக்கா கேட்காமலே என் தோள் துண்டை உருவினார். அலமாரியிலிருந்த பூனையை ஒரே சுற்றில் துண்டுக்குள் சுருட்டி, தலை மட்டும் வெளியே தெரிய, கைக்குழந்தையைப் போல டாக்டரிடம் நீட்டினார்.

"பூனை யார்து?" என்றார் உதவியாளர்.

நான் வாயைத் திறப்பதற்குள், "அதுவும் என்னுதுதான்" என்று பதில் வந்துவிட்டது. இன்றைக்கும் அந்த மருத்துவமனைப் பதிவில் எங்கள் பூனைக்கு உரிமையாளர் அவர்தான். திருத்தம் கோரி நான் விண்ணப்பிக்கவில்லை.

அவருக்கு இது நாய் பூனையோடு நிற்கிற பழக்கம் இல்லை. ரேஷன் கடை வரிசையில் யாராவது பையை வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள், "யார் பைய்யா இது?" என்று ஒருவர் காலால் தள்ள வருவார். "என்னுது, காலை எடு" என்பார் அக்கா. திருவண்ணாமலை ரோட்டில் ஒருவன் பைக்கிலிருந்து விழுந்து கிடந்தபோது ஆட்டோ பிடித்து ஏற்றிக்கொண்டு போனவர் அவர். ஆஸ்பத்திரியில் "நீங்க அவருக்கு இன்னா ஆவணும்?" என்று கேட்டிருக்கிறார்கள். "அக்கா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவன் கண் விழித்து, "நீங்க யாரும்மா?" என்று கேட்டதும் நர்ஸுக்குக் குழப்பமாகிவிட்டது. "அடிபட்டதுல மறந்துட்டான்" என்று சொல்லிவிட்டு மெஷினுக்குத் திரும்பி வந்துவிட்டார்.

எல்லா நேரமும் சரியாகப் போனது என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை கொழுகொழுவென்று ஒரு வெள்ளை நாய் கடைத்தெருவில் தனியாக நின்றிருக்கிறது. இழுத்துக்கொண்டு போய் ஊசி போட்டுக் கூட்டி வந்துவிட்டார். சாயங்காலம் சிங்கவரத்திலிருந்து ஒருவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து வாசலில் நின்று கத்தினார்.

"ஏம்மா, என் நாயை யாரைக் கேட்டுத் தூக்கினு வந்த?"

"நடு ரோட்ல தனியா நின்னுது. ஊசி போட்டு வச்சிருக்கேன், கூட்டிக்கினு போ."

"அது நேத்துதாம்மா ஊசி போட்டுது!"

"கழுத்துல ஒண்ணும் கட்டலியே? எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் பதறிப்போய் டாக்டருக்குப் போன் போட்டார். ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் சைக்கிளில் ஏறினார். நாய் பின்னாலேயே ஓடியது. மறுநாள் அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது.

யூனிபார்ம் தைத்தால் வெட்டுத்துணி மிஞ்சும். அதில் இரண்டு விரல் அகலத்தில் பட்டைகள் தைத்தார். ஒரு முனையில் சட்டைப் பித்தான், மறுமுனையில் காஜா. ஊசி போட்ட நாயின் கழுத்தில் பட்டையைச் சுற்றிப் பித்தானைப் போட்டுவிடுவார். அந்த வருடம் மெரூன். அடுத்த வருடம் எந்தப் பள்ளிக்கூடத் துணி அதிகம் மிஞ்சுகிறதோ அந்த நிறம். தூரத்தில் பார்த்தாலே ஊசி போட்ட நாய் எது, போடாதது எது என்று தெரியும். எங்கள் இலாகாவில் இதற்கு ஒரு கமிட்டி போட்டிருந்தால் துணியின் நிறத்தை முடிவு செய்வதற்குள் நாய்கள் கிழடாகியிருக்கும்.

அந்தப் பட்டை செய்த வேலையைப் பட்டையே கெடுத்தது. பட்டை கட்டிய நாயை யாரும் கல்லால் அடிப்பதில்லை, பிள்ளைகள் பயப்படுவதில்லை என்று தெரு கண்டுகொண்டது. சீக்கிரமே, பட்டையில்தான் ஏதோ இருக்கிறது என்றும் முடிவு செய்துவிட்டது. குழந்தைக்குப் பயம் தெளிய மந்திரித்த கயிறு கட்டுகிற ஊர். நாய்க்குக் கட்டினால் என்ன? பழைய சட்டையைக் கிழித்து அவரவர் இஷ்டத்துக்கு நாய்களுக்கு முடிந்துவிட ஆரம்பித்தார்கள். அடுத்த ஜூலையில் அக்கா நாய் திரட்டக் கிளம்பியபோது மண்டிக்காரர் மனைவி கேட்டைத் திறக்கவே இல்லை.

"எங்குளுதுக்குத்தான் கட்டியாச்சே, அக்கா."

"இன்னா கட்டின?"

"துணிதான். நீ கட்றியே, அதே மாதிரி. அப்புறம் ஊசி இன்னாத்துக்கு? பாவம், வாயில்லாத ஜீவன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "துணியைக் கட்டினா நோய் வராதுன்னா, ஊருக்கே யூனிபார்ம் தைக்கிறேனே, ஒரு பிள்ளைக்காவது சளி பிடிக்காம இருந்துச்சா?"

தெரு சிரித்தது. முடிந்த துணிகள் மட்டும் அவிழவில்லை.

அந்த வருட மழைக்காலத்தில் ஒரு காலை, என் மனைவி குப்பை வண்டிக்காகக் கேட்டைத் திறந்து வெளியே கால் வைத்தாள். கேட்டை ஒட்டி ஒரு செவலை நாய் சுருண்டு படுத்திருந்ததை அவள் பார்க்கவில்லை. வாலை மிதித்துவிட்டாள். அது அவள் ஆடுசதையைக் கடித்துவிட்டது.

நான் சத்தம் கேட்டு வெளியே வருவதற்குள் டெய்லரக்கா வந்து, மனைவியை எங்கள் வாசல் குழாயடியில் உட்கார வைத்துவிட்டார். குழாயைத் திறந்துவிட்டுத் துணி சோப்பை எடுத்துக் காயத்தில் நுரைக்க நுரைக்கக் கழுவினார். மனைவி அலறினாள். "கத்து, நல்லா கத்து. ஆனா காலை இழுக்காத" என்றார். நான் மஞ்சள் தூளை எடுத்து வந்தேன். "அத்த உள்ள வைங்க, ஆபீசர். சோப்பும் தண்ணியுந்தான். கழுவி முடிச்சதும் நேரா பெரியாஸ்பத்திரி."

அதற்குள் தெருவில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். மண்டிக்காரர் கையில் மூங்கில் கழி. செவலை நாய், டெய்லரக்கா கடைக்குக் காக்கித் துணி மூட்டைகள் ஏற்றி வந்து நின்ற வண்டிக்கு அடியில் போய்ப் பதுங்கியிருந்தது. அதன் கழுத்தில் துணி இருந்தது. வருடத்தில் பாதி நாள் மண்டிக்காரர் வீட்டில் சோறு தின்னும் நாய்தான். இட்லி கொடுத்தே வளர்த்தார்கள். அன்று அவர் முகத்தைப் பார்த்தால் அதை அப்போதுதான் முதல்முறை பார்ப்பவர் போல இருந்தார்.

"யார் நாய்டா இது? அடிச்சிக் கொன்னு தூக்கிப் போடுங்கடா!"

டெய்லரக்கா ஈரக்கையோடு எழுந்து வந்து வண்டிக்கு முன்னால் நின்றார். குனிந்து நாயின் கழுத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பித்தான் இல்லை. கட்டம் போட்ட லுங்கித் துணி, இரட்டை முடிச்சு. அது அவர் கட்டிய பட்டை இல்லை. அந்த வருடம் ஊசி போட்ட நாயும் இல்லை.

அவர் நிமிர்ந்தார்.

"என்னுதுதான்" என்றார்.

"அக்கா, இது உன்னுது இல்ல. எங்களுக்குத் தெரியாதா?"

"அப்ப யார்து? சொல்லு. உன்னுதா?"

மண்டிக்காரர் கழியைப் பார்த்தார்.

"இத்தக் கொன்னுட்டா, இதுக்கு நோய் இருந்துச்சா இல்லியான்னு எப்படிய்யா தெரியும்? அந்தம்மா காலம்பூரா பயந்துக்கினு இருக்கணுமா? பத்து நாள் கட்டி வச்சிப் பார்க்கணும். என் நாய், நான் பார்த்துக்கிறேன். கழியை எடுத்துக்கினு போ."

ஆட்டோ வந்துவிட்டது. மனைவியை ஏற்றிக்கொண்டு நான் புறப்பட்டபோது, அக்கா நாயைச் சுருட்டிப் பிடிக்கத் தடித்த பேன்ட் துணிக் கட்டு ஒன்றைப் பிரித்து வண்டிக்கடியில் மெல்ல விட்டுக்கொண்டிருந்தார். அரசு மருத்துவமனையில் காயத்தைச் சுற்றி மருந்து செலுத்தினார்கள், தோளில் தடுப்பூசி போட்டார்கள், அடுத்தடுத்த ஊசிகளுக்கு எப்போது வர வேண்டும் என்று சொன்னார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. நாங்கள் திரும்பி வந்தபோது செவலை நாய் டெய்லரக்கா கடைக்குப் பின்கட்டில், உடைந்துபோன பழைய தையல் மெஷினின் இரும்புக் காலில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்தது.

அந்தப் பத்து நாட்களைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியும், எழுதத் தெரியவில்லை. ஊசி போட்டாயிற்று, பயப்பட ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னது மனைவியின் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. வெறிநோய் வந்தால் தண்ணீரைக் கண்டாலே பயம் வரும் என்பார்கள், தண்ணீர்ச் சொம்பைக் கையில் எடுத்ததும் நின்றுவிடுவாள். என்னைப் பார்ப்பாள். நான் வேறு எங்காவது பார்ப்பேன். காலையில் எழுந்ததும் அவள் செய்த முதல் காரியம் ஜன்னலைத் திறந்து எதிர்வீட்டைப் பார்ப்பது. அக்கா அதற்காகவே காத்திருப்பவர் போலப் பின்கட்டிலிருந்து வந்து தெரு முழுக்கக் கேட்கச் சொல்வார்.

"மூணு இட்லி துன்னுச்சு! தண்ணி குடிச்சிச்சு! என்னைப் பார்த்து வாலாட்டுது, திருட்டு நாய்!"

தெருவில் மற்றவர்கள் எரிச்சலோடு ஜன்னலைச் சாத்தினார்கள். மனைவி அன்றைய தண்ணீரைக் குடித்தாள்.

சாப்பாட்டுத் தட்டைத் துணி அளக்கும் மரக்கோலால்தான் தள்ளி வைப்பார். கிட்டே போவதில்லை. ஆனாலும் நான் கேட்டேன்.

"அக்கா, ஊசி போடாத நாய். உங்களுக்கு ஏதாவது ஆனா?"

"எனக்கு முன்னாடியே ஊசி போட்டிருக்குது. இத்தினி நாய் பிடிக்கிறவளை டாக்டரம்மா சும்மா வுடுமா?"

"இருந்தாலும், உங்க நாய் இல்லையே."

அவர் மெஷினை நிறுத்தினார். "ஆபீசர், யார்துன்னு கேட்டா யாராவது ஒருத்தர் ஆமான்னு சொல்லணும்ல? எல்லாரும் இல்ல இல்லன்னா, அதுக்கு அப்புறம் பேசுறதுக்கு இன்னா இருக்குது?" மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

என்னால் முடிந்ததை நானும் செய்தேன். மனு எழுதினேன். எங்கள் தெரு நாய்கள் எவருக்கும் சொந்தமானவை அல்ல. ஆகவே விதிப்படி அவற்றுக்குத் தெருவிலேயே வந்து தடுப்பூசி போட ஏற்பாடு செய்ய வேண்டும். பார்வை, பொருள், இணைப்பு எல்லாம் அதனதன் இடத்தில். பதிவுத் தபாலில் மேலிடத்து அலுவலகம் ஒன்றுக்கு அனுப்பினேன். அலுவலகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் சாப்பிட்ட சோறு அந்த மாதிரி அலுவலகத்துச் சோறு. அக்காவிடம் நகலைக் காட்டினேன். எழுத்துக் கூட்டி முழுதும் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. 'எவருக்கும் சொந்தமானவை அல்ல'ன்றதுதான் இடிக்குது."

பத்தாம் நாள் கால்நடை டாக்டர் வந்து பார்த்தார். செவலை நாய் தின்றுகொண்டிருந்தது. தட்டு காலியானதும் டாக்டரின் செருப்பை மோந்தது. நோய் எதுவும் இல்லை என்றார். என் மனைவி ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், தெருவைக் கடந்து போய், டெய்லரக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அக்காவுக்குப் பேசாமல் நிற்பது பழக்கமில்லை.

"இன்னாத்துக்கு இப்ப அழுவுற? பாரு, நீ மிதிச்ச வாலுதான் அதுக்கு இன்னும் வலிக்குது."

மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அந்த மாதத்தில் கேட்டது அப்போதுதான்.

டாக்டர் அங்கேயே செவலைக்கு ஊசி போட்டார். அக்கா லுங்கித் துணியைக் கத்தரித்துவிட்டு, அந்த வருடத்து நீலப் பட்டையைச் சுற்றிப் பித்தானைப் போட்டார். சாயங்காலம் மண்டிக்காரர் கடை வாசலுக்கு வந்தார்.

"நம்ம நாய் எப்படிக்கா இருக்குது?"

"யார் நாய்?"

"நம்மளுதுதான்."

"அப்படிச் சொல்லு. அடுத்த வாட்டி வரிசைல வந்து நில்லு."

போன வருடம் டெய்லரக்கா ஓசூருக்கு மகனிடம் போய்விட்டார். முழங்கால் பெடலை மிதிக்க மாட்டேன் என்றுவிட்டது. மெஷினை விற்றார். மிஞ்சிய வெட்டுத்துணியை மட்டும் ஒரு தலையணை உறையில் கட்டி என்னிடம் கொடுத்தார். உள்ளே பித்தானோடும் காஜாவோடும் தைத்து வைத்த பட்டைகள், இன்னும் பல வருடங்களுக்கு ஆகும். "நிறம் பார்த்துப் போடுங்க, ஆபீசர். போன வருஷத்துத மறுபடி போட்றாதீங்க" என்றார். நன்றி என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். பஸ் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். வரவில்லை. இன்னும் கால் மணி நேரம் நின்றோம்.

எப்போதாவது போன் செய்வார். முதலில் நாய்கள், பிறகு பூனை, அப்புறம் என் மனைவியின் கால். என்னைப் பற்றி விசாரித்ததில்லை.

இந்த முறை ஊசி நாளன்று கால்நடை மருத்துவமனை வரிசையில் நான் நின்றேன். கையில் துணிக் கயிறுகள். எங்கள் தெரு நாய்கள் அனைத்தும். துண்டுக்குள் சுருட்டிய பூனையோடு பக்கத்தில் மனைவி. பின்னால் மண்டிக்காரர், செவலையைப் பிடித்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தபடி. உதவியாளர் புதியவர். தலையைத் தூக்கினார்.

"இத்தனையும் யார்துங்க சார்?"

என் சர்வீஸ் முழுவதும் இந்த மாதிரிக் கேள்வியை நான் தக்க நடவடிக்கைக்காக அடுத்த மேசைக்கு அனுப்பியிருக்கிறேன். அங்கே அடுத்த மேசை இல்லை.

"என்னுதுதான்" என்றேன். "எழுதிக்குங்க."

வீடு திரும்பியபோது கேட்டில் ஒரு பழுப்பு உறை செருகியிருந்தது. அன்றைக்கு நான் அனுப்பிய மனுவுக்கு இப்போதுதான் பதில். மேற்படி நாய்கள் எவருக்கும் சொந்தமானவை அல்ல என்று மனுதாரர் கையொப்பமிட்டு உறுதியளித்தால் ஆவன செய்யப்படும் என்று கண்டிருந்தது. உறுதிமொழிப் படிவமும் இணைத்திருந்தார்கள். கையெழுத்துக்கான இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. நல்ல அலுவலகம்.

"போட்டு அனுப்பிடுங்களேன், அவங்களே தெருவுக்கு வந்து போடட்டும்" என்றாள் மனைவி.

"பொய்க் கையெழுத்துப் போடச் சொல்றியா?"

அவள் கேட்டுக்கு வெளியே பார்த்தாள். இந்த வருடத்துப் பச்சைப் பட்டைகளோடு எல்லாம் எங்கள் வாசலிலேயே படுத்திருந்தன. செவலை கேட்டை ஒட்டி. அவள் அதன் வாலைத் தாண்டிக் கால் வைத்து உள்ளே வந்தாள்.

பேனாவை எடுத்து, பழக்கப்படி, கடிதத்தின் மூலையில் பெறப்பட்ட தேதியை மட்டும் குறித்தேன்: ஜூலை ஆறு.